இரண்டு அரசமைப்புகள், ஒரே கேள்வி

குடிமையியல் வகுப்பில் அதிகாரப் பகிர்வை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, பல நாடுகளின் அரசமைப்புச் சட்டங்களை அருகருகே வைத்து ஒப்பிட உதவும் ‘கான்ஸ்டிட்யூட்’ என்னும் இலவச இணையதளத்தைத் திறந்து, மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரைப் பதவிநீக்க யாருக்கு அதிகாரம் உண்டு, அதற்கு எவ்வளவு பெரும்பான்மை தேவை என்பது அத்தகைய கேள்வி. இந்தியாவில் 61ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அமெரிக்க செனட்டிலோ அன்று வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் போதும். இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் (ஆசிரியர் முந்திக்கொள்ளக் கூடாது). உரை ஆங்கிலத்தில் இருப்பதால், தேவையான பிரிவுகளை மட்டும் முன்னதாகவே தமிழில் எழுதித் தருவது நலம். அண்மைத் திருத்தங்களை அந்தந்த அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும்.