டோர்ட் தீர்மானங்களை வாசிக்கும் முறை

முன்குறித்தல், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்னரே தீர்மானித்திருக்கிறார் என்ற கிறிஸ்தவப் போதனை, பற்றிய விவாதத்தை அறிய விரும்புவோர், 1618–19-இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் திருச்சபைச் சங்கத்தின் தீர்மானங்களுக்கு நேரே சென்றுவிடாமல், அவை எவற்றுக்கு மறுமொழியாக எழுந்தனவோ, டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் ஆதரவாளர்கள் 1610-இல் முன்வைத்த அந்த ஐந்து கூற்றுகளை முதலில் வாசிக்க வேண்டும். விசுவாசி கிருபையை இழக்கக்கூடுமா என்பதை ஐந்தாவது கூற்று முடிவு செய்யாமல், வேதத்தை மேலும் ஆராய வேண்டும் என்று நிறுத்திக்கொள்கிறது. ஆர்மீனியஸ் தரப்பின் எதிரணியினர் இந்தத் தயக்கத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அடுத்து, தீர்மானங்களின் இரண்டாம் தலைப்பிலுள்ள மூன்றாம், எட்டாம் பிரிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதன் பாவங்களுக்கும் போதுமானது என்கிறது முன்னது, அதன் இரட்சிக்கும் பலன் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டோருக்கே உரியது என்கிறது பின்னது. இதே விவாதத்துக்காக வேதத்தில் ரோமர் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தைத் தனியே பிரிக்காமல் 11 வரை சேர்த்தே வாசியுங்கள்.