பூவை மட்டும் தேடாதீர்கள்: மழைக்காட்டின் குட்டி ஆர்க்கிட்கள்

வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் முறிந்து விழுந்த கிளை ஒன்றைக் குனிந்து பாருங்கள். பாசிக்கும் லைக்கனுக்கும் நடுவே நகமளவு ஆர்க்கிட் ஒட்டியிருக்கலாம். பார்த்ததும் பலர் சொல்வது 'ஒட்டுண்ணி'. அதுதான் முதல் பிழை. மாமரத்துப் புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வேர் பட்டைக்கு மேலேயே நின்றுவிடும். அதற்கு வேண்டியது உட்கார ஓர் இடம், அவ்வளவுதான்.

வேர் வெளுத்திருந்தால் செடி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். வேரைப் போர்த்தியிருக்கும் வெலாமன் உயிரற்ற செல்களாலான பஞ்சு உறை. காய்ந்தால் அதில் காற்று நிரம்பி வெள்ளிபோலத் தெரியும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே பச்சை ஏறும். உள்ளிருக்கும் பச்சையம் வெளியே தெரிவதுதான் அது. டீனியோஃபில்லம் என்ற ஆர்க்கிட் இந்தப் பச்சையை நம்பியே பிழைக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி இலை கிடையாது. சிலந்தி கால் பரப்பியதுபோல் பட்டையில் படிந்த வேர்களே உணவு தயாரிக்கின்றன. இலையைத் தேடுகிறவர் அதைக் கடந்து போய்விடுவார்.

சில ஆர்க்கிட்களில் இருக்கும் பொய்க்குமிழைக் கிழங்கு என்று எழுதுவதும் தவறு. அது நீரைச் சேமித்துப் பருத்த தண்டு. என்னை ஏமாற்றியது போர்பேக்ஸ் என்ற ஆர்க்கிட். சட்டைப் பொத்தான்களைத் தைத்து வைத்ததுபோல் தட்டைக் குமிழ்கள், மேலே வலைப்பின்னல் உறை. ஏதோ பூச்சியின் முட்டைகள் என்று இரண்டு வருடம் தாண்டிப் போயிருக்கிறேன்! பல்போஃபில்லம் என்ற இன்னொரு ஆர்க்கிட்டில் பூந்தண்டைக் குமிழின் உச்சியில் தேடாதீர்கள், அடியிலிருந்துதான் கிளம்பும்.

ஓபரோனியா என்ற ஆர்க்கிட் பேரினத்தில் இலையின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று திண்டாட வேண்டாம். இலைகள் பக்கவாட்டில் தட்டையாகி, அடியில் ஒன்றையொன்று கவ்வி விசிறிபோல் நிற்கும். பூங்கொத்து எலிவால் மாதிரி. ஒவ்வொரு பூவும் சுமார் 2 மில்லிமீட்டர். சிற்றினத்தைப் பிரித்தறிய உதட்டிதழின் (பூவில் மற்ற இதழ்களிலிருந்து மாறுபட்டு நிற்கும் இதழ்) மடல்களையும் ஓரத்தையும் பார்த்தாக வேண்டும், கைலென்ஸ் இல்லாமல் அது நடக்காது. பூந்தண்டு தொங்குகிற நிலையிலேயே படம் எடுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் உதட்டிதழ் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பது தெரியாமல் போய்விடும். பூவே இல்லையா? ஓபரோனியா என்று பேரினத்தை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த கிளைக்கு நகருங்கள்.