மழை மாதத்துச் சேற்றுப்புண்

மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தென்மேல் பருவ மழை பிடித்தால் செப்டம்பர் வரை கால் காயாது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து, ஊறி, அரிக்கிறதா? அதுதான் சேற்றுப்புண், பங்கசு (பூஞ்சை) பிடித்துவிட்டது. நான் தேயிலை மலையில் கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவள். மருமகளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

மலையிலிருந்து இறங்கியதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை. காலுக்கென்றே ஒரு பழைய சீலைத் துண்டை ஒதுக்கி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்து ஈரம் போகத் துடையுங்கள். அந்தத் துண்டு வேறு எங்கும் படக்கூடாது. தொடை இடுக்கில் படர்தாமரை வருவது பல நேரம் இப்படித்தான். லயத்தில் வீடு முழுக்க ஒரே துவாய் என்றால் பங்கசுக்குக் கொண்டாட்டம். மேசு இரண்டு சோடி வேண்டும். பூட்சுக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து அடுப்படியில் வையுங்கள், நெருப்புக்குத் தள்ளி.

கை வைத்தியத்துக்கு வருவோம். வினாகிரி ஒரு பங்கு, இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்து கால் மணி நேரம் காலை வைக்கலாம். தோல் வெடித்திருந்தால் வேண்டாம், எரியும்.

தேயிலைச் சாயத்திலும் காலை வைக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி தேயிலைத் தூளை அரை லீட்டர் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றிக்கொள்ளுங்கள். நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடும், இதற்குக் கழிவுத்தூளே போதும். தேயிலைத் துவர்ப்பு கால் வியர்ப்பதைக் குறைக்கும், அவ்வளவுதான். கடையில் விற்கும் டீ ட்ரீ எண்ணெய் நம் தேயிலையில் எடுப்பதில்லை, அது அவுஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரம்.

மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அரிப்புக்கு இதம். ஆனால் விரலிடுக்கில் அப்பினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பச்சைப் பூண்டும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

உண்மையில் பங்கசைத் தீர்ப்பது பார்மசியில் கிடைக்கும் குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீம்தான். காலையும் இரவும், காய்ந்த காலில், மெல்லிசாக, சுற்றியுள்ள நல்ல தோலிலும் சேர்த்துப் பூசுங்கள். அரிப்பு நின்றதும் எல்லோரும் கிரீமைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள், அடுத்த மழைக்கே திரும்ப வருகிறது. தோல் சரியான பிறகும் 2 வாரம் பூச வேண்டும். பக்கத்துக் காம்பராவில் பீட்டாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கிரீம் இருக்கிறது என்று கடன் வாங்காதீர்கள். அரிப்பு அடங்கும், பங்கசு பரவும்.

சீனி வருத்தக்காரர்கள் வீட்டு வைத்தியம் எதையும் தொடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். மற்றவர்களுக்கும் கால் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அன்றைக்குப் பேர் (நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.