தலைமையுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் விழாக்களில் தலைமையுரை பெரும்பாலும் விளிப்பிலேயே படுத்துவிடுகிறது. "மேடையில் வீற்றிருக்கும்..." என்று ஆரம்பித்து மைக்செட்காரர் வரை பெயர் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். கூட்டம் உங்களை நிமிர்ந்து பார்ப்பதே அந்த முதல் நிமிடத்தில்தான். ஒரு பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல் வருமே என்ற பயம் புரிகிறது. ஆனால் வரவேற்புரையில் எல்லாரையும் சொல்லியாயிற்று. "அனைவருக்கும் வணக்கம்" என்று விஷயத்துக்கு வாருங்கள். சொல்லியே ஆகவேண்டிய பெயரைப் பேச்சின் நடுவே, அவர் செய்த வேலையோடு சேர்த்துச் சொன்னால் அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

"திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள், தயாராக வரவில்லை" என்பது இன்னொன்று. அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறோம். எதிரே இருப்பவருக்கோ 'அப்படியானால் நான் ஏன் கேட்க வேண்டும்' என்றுதான் தோன்றும். அப்படிப் பேசுபவர்தான் நீளமாகவும் பேசுவார். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், போரில் இறந்த வீரர்களுக்கான கல்லறைத் தோட்ட அர்ப்பணிப்பு விழாவில் முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் அதிபர் ஆபிரகாம் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். "நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் அந்த அளவு நெருங்கியிருந்தால் மகிழ்வேன்" என்று மறுநாள் எவரெட்டே லிங்கனுக்கு எழுதினார். லிங்கன் அதை முன்கூட்டி எழுதி வைத்துத்தான் பேசினார்.

அதற்காகத் தாளைப் பார்த்தே ஒப்பிக்கவும் வேண்டாம். எண்களும் பெயர்களும் மட்டும் துண்டுச்சீட்டில் இருந்தால் போதும். "இறுதியாக" என்று சொன்னால் முடித்துவிடுங்கள். மூன்றாவது "இறுதியாக"வில் பின்வரிசை காலியாகியிருக்கும். அப்புறம், மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். ஸ்பீக்கரின் சத்தமே மறுபடி மைக்குக்குள் போய் 'கூய்' என்று அலறும்.

இதையெல்லாம் கூட்டம் மன்னித்துவிடும். மன்னிக்காதது, கெட்ட செய்தியை வழவழவென்று சொல்வதுதான். "தவிர்க்க இயலாத சூழலில் போனஸ் மறுபரிசீலனை செய்யப்பட்டுள்ளது" என்றால் செய்தது யார்? எவ்வளவு குறைந்தது? "இந்தத் தீபாவளிக்கு 20 சதவீதம் இல்லை, 8.33தான். முடிவெடுத்தது நான். காரணம் இது" என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்விகளெல்லாம் டீக்கடையில் கேட்கப்படும். பதிலும் அங்கேயே தயாராகிவிடும்.