மூடிய மெதடிஸ்ட் சேப்பலின் பழைய கதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தின் டர்ஹம் பக்கம் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, முன்பு மெதடிஸ்ட் சேப்பல், அதாவது மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூடம். அதைக் கட்டியது யார் என்று தேடியதில் எனக்கு நாலு மாதம் போனது. வழி தெரிந்திருந்தால் இரண்டு வாரம் போதும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கட்டடத்தைச் சுற்றி நடந்து, கல்லில் வெட்டிய எழுத்து எல்லாவற்றையும் படம் எடுங்கள். முகப்பு உச்சியில் ஆண்டுக்கல் இருக்கும். தரையை ஒட்டிச் சில அடிக்கற்களும் இருக்கலாம், செடி மறைத்திருந்தால் விலக்கிப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

அடுத்து வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். இது இருக்கும்போது காசு கேட்கும் தளங்கள் எதற்கு? ஒரு மைலை ஏறக்குறைய 25 அங்குலமாகக் காட்டும் '25 அங்குல' வரைபடத்தைத் திறந்து, சேப்பலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பெயரை முழுசாகப் படியுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். 'மெதடிஸ்ட்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டு, வெஸ்லியன் சபையின் ஏடுகளை ஆறு வாரம் புரட்டினேன். 1932க்கு முன் அது ஒரே சபை அல்ல. வெஸ்லியன், பிரிமிட்டிவ், 1907இல் மூன்று சிறு சபைகள் கூடி உருவான யுனைடெட் மெதடிஸ்ட் என்று தனித்தனியாக இருந்தவை அந்த ஆண்டில்தான் ஒன்றாயின. ஒரே ஊரில் இரண்டு மூன்று சேப்பல்கள் இருப்பதும் சகஜம். டர்ஹம் சுரங்கத் தொழிலாளர்களிடம் பிரிமிட்டிவ் சபைக்குத்தான் செல்வாக்கு அதிகம், எங்கள் வீடும் அவர்கள் கட்டியதுதான். நான் படித்துக்கொண்டிருந்தது அடுத்த தெருச் சேப்பலின் கணக்கு!

எந்தச் சபை என்று தெரிந்ததும் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். ஊர் பெயரோடு விடாமல் 'சர்க்கிட்' பெயரையும் கேளுங்கள். பல சேப்பல்கள் சேர்ந்த வட்டாரம்தான் சர்க்கிட், ஏடுகளைப் பெரும்பாலும் அதன் பெயரில்தான் அடுக்கியிருப்பார்கள், அந்தப் பெயரும் காலப்போக்கில் மாறியிருக்கும்.

கட்டடம் 1851க்கு முந்தையது என்றால், அந்த ஆண்டு மார்ச் 30இல் எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பை விட்டுவிடாதீர்கள். கட்டிய ஆண்டு, இருக்கைகள், அன்று வந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. மூலப் படிவங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்ஓ 129 என்ற வரிசையில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அறக்கட்டளைப் பத்திரம். நிலத்தை யாரிடம் வாங்கினார்கள் என்பதோடு, சேப்பல் சொத்தின் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரின் தொழிலும் அதில் இருக்கும். சுரங்கத் தொழிலாளி, மளிகைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று வரிசையாகப் படித்தபோது, நாங்கள் சமைக்கும் இடத்தில் முன்பு உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

பின்சேர்க்கை: ஆண்டுக்கல் காட்டும் ஆண்டுக்கு முன்பே தன் சேப்பல் பற்றிய குறிப்புகள் வருவதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். கல் இரண்டாவது கட்டடத்துடையதாக இருக்கலாம். பழையது ஞாயிறு பள்ளியாக மாறிப் பின்னாலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மூடிய ஆண்டு கிடைக்கவில்லை என்றவர்களுக்கு: அங்கே திருமணம் நடத்தப் பதிவு வாங்கியிருந்தால், அதை ரத்து செய்த அறிவிப்பை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் தேடுங்கள், இணையத்தில் இலவசம்தான்.