குதிரை வாங்கும் முன் தீவனக் கணக்கு

ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் குதிரையைப் பார்த்ததும் மனசு விலை பேசத் தொடங்கிவிடும். கொஞ்சம் பொறுங்க. வாங்கும் விலை ஒரு தடவைதான், தீவனம் தினமும்.

குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் சுமார் 2 சதவீதம் காய்ந்த தீவனம் வேணும். 400 கிலோ குதிரை என்றால் 8 கிலோ, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3 டன். இதை உங்க ஊர் விலையால் பெருக்கிப் பாருங்க. கொழுக்கட்டைப்புல் மேய்ச்சல் இருந்தால் செலவு நன்றாகக் குறையும். மாட்டுக்குப் போடுவதுபோல வெறும் வைக்கோலை மட்டும் போட்டு ஒப்பேற்றாதீங்க, வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. கொள்ளு ஊறவைத்து, அளவாக.

அடுத்து குளம்பு. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடம் அடித்தால் அதற்குத் தனிக் கூலி. தினமும் காலைத் தூக்கி அடிப்பக்கம் சுத்தம் செய்யுங்க. குளம்பின் அடியில் உள்ள பிளவில் கருப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது, கொட்டில் ஈரத்தை உடனே கவனிங்க.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டையும் தள்ளிப்போடவே கூடாது. திடீர் வைத்தியத்துக்கென்று இரண்டு மாதத் தீவனச் செலவுக்குச் சமமான தொகையைத் தனியாக எடுத்துவையுங்க.