ஒரேகான்ல கார் வாங்கினா டாக்ஸ் இல்லையாமே? இந்த விஷயத்துல நம்மாளுங்க பண்ற தவறுகள்

அமெரிக்கால புதுசா கார் வாங்கப் போற நம்மாளுங்ககிட்ட பேசினா எப்படியும் இந்தக் கேள்வி வந்துடும், ஒரேகான்ல சேல்ஸ் டாக்ஸே கிடையாதாமே, அங்க போய் வாங்கி ஃப்ரெண்டு அட்ரஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டா நாலாயிரம் டாலர் மிச்சமாமேன்னு. கேக்கறவங்க தப்பு பண்ணணும்னு கேக்கல, யாரோ பண்ணாங்க, ஒண்ணும் ஆகல, நாமளும் பண்ணலாம்னு ஒரு நம்பிக்கை. ஆனா இதுல மாட்டிக்கிட்டு தூக்கம் போன ஒருத்தரை நான் பக்கத்துலயே இருந்து பார்த்துட்டேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். மாநில அளவுல சேல்ஸ் டாக்ஸ் இல்லாத ஸ்டேட் மொத்தம் அஞ்சு, ஒரேகான், மொண்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர், அலாஸ்கா. இது உண்மைதான். இதைக் கேட்டதும் "அங்க வாங்கினா டாக்ஸ் இல்ல"ன்னு முடிவு பண்ணிடறோம் பாருங்க, அதுதான் மத்த எல்லா தப்புக்கும் ஆரம்பம். டாக்ஸ் பெரும்பாலும் கார் வாங்கற இடத்தைப் பொறுத்தது இல்லீங்க, கார் ராத்திரி எங்க தூங்குதோ அந்த ஊரைப் பொறுத்தது. சேல்ஸ் டாக்ஸ் போடற ஸ்டேட் எல்லாத்துலயும் யூஸ் டாக்ஸ்னு இன்னொண்ணும் இருக்கு, வெளியில வாங்கி உள்ள கொண்டு வந்து ஓட்டினா அந்த வித்தியாசத்தை இங்க கட்டணும்னு. நியூ ஜெர்சில இருக்கறவர் டெலவேர் போய் கார் வாங்கினாலும் திரும்பி வந்து எம்விசிங்கற வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ் கவுண்டர்ல 6.625 சதவீதம் கட்டித்தான் பிளேட் வாங்கணும். பென்சில்வேனியான்னா 6, பிலடெல்ஃபியாக்குள்ளன்னா 8. சியாட்டில் பக்கம் இருந்து போர்ட்லாண்ட் போறவங்களுக்கும் இதே கதைதான், டீலர் பில்லுல டாக்ஸ் ஜீரோன்னு இருக்கும், வாஷிங்டன்ல லைசென்சிங் ஆபீஸ்ல அந்த 10 சதவீதத்துக்கு மேல வர்றதை மொத்தமா கேப்பாங்க. டீலர் வாங்கலங்கறதால நமக்கு கடன் இல்லைன்னு ஆகிடாது.

இன்னொண்ணையும் யாரும் சொல்றதில்ல, அந்த "டாக்ஸ் இல்லாத" ஸ்டேட்டுங்களும் காருக்கு சும்மா விடறதில்ல. டெலவேர்ல சேல்ஸ் டாக்ஸுக்கு பதிலா கார் விலைல ஒரு பங்கை டாக்குமென்ட் ஃபீன்னு வாங்கறாங்க, ஒரேகான்ல 2018லேர்ந்து புது காருக்கு 0.5 சதவீதம் இருக்கு.

இப்போ ஃப்ரெண்டு அட்ரஸ் விஷயத்துக்கு வருவோம், நம்மாளுங்க அதிகமா பண்றது இதுதான், ஆபத்தும் இதுலதான் அதிகம். நான் சொன்னேனே அவர், வேலை வீடு எல்லாம் வாஷிங்டன்ல பெல்வ்யூ பக்கம், ஒரேகான்ல பீவர்ட்டன்ல இருக்கற காலேஜ் ஃப்ரெண்டு அட்ரஸ் குடுத்து காரை அங்க ரிஜிஸ்டர் பண்ணிட்டார். டிஎம்வில, அதாவது வண்டி ரிஜிஸ்டர் பண்ற ஆபீஸ்ல, கேள்வி வரக்கூடாதேன்னு இன்சூரன்ஸும் அதே அட்ரஸ்ல எடுத்தார், பிரீமியமும் கொஞ்சம் கம்மியா வந்துச்சு, ஒரே சந்தோஷம். எட்டு மாசம் கழிச்சு மழைல ஃப்ரீவேல ஒரு ஆக்சிடென்ட், தப்பு இவர் பக்கம்தான், நல்லவேளை யாருக்கும் பெரிய அடி இல்ல. க்ளெய்ம் போட்டதும் அட்ஜஸ்டர், அதாவது க்ளெய்மை விசாரிக்கற இன்சூரன்ஸ் ஆள், ஃபோன்ல கேட்ட முதல் சில கேள்விகள்ல ஒண்ணு, கார் ராத்திரி எங்க நிக்கும்? ஒரு பொய் சொன்னார், அடுத்த கேள்வி ஆபீஸ் எங்க, அப்புறம் வீட்டு லீஸ் காப்பி அனுப்புங்க, டிரைவர் லைசென்ஸ் ஏன் வாஷிங்டன்ல இருக்கு, அப்படியே ஒவ்வொண்ணா நூல் பிடிச்சு போயிட்டாங்க. கடைசில அவர் கார் ரிப்பேருக்கு ஒரு பைசா வரல, பாலிசியும் போச்சு, அடுத்த கம்பெனில ரெண்டு மடங்கு பிரீமியம், அதோட பழைய டாக்ஸ், அதுக்கு பெனால்டி, வட்டி. மிச்சம் பிடிச்சது நாலாயிரத்து சொச்சம், போனதை நான் இங்க சொல்ல விரும்பல, அவருக்கே தெரியும்.

இன்சூரன்ஸ்காரங்க இதை கராஜிங் அட்ரஸ்னு சொல்வாங்க, கார் வழக்கமா நிக்கற இடம். பிரீமியம் கணக்கே அந்த ஜிப் கோடை வச்சுத்தான், அதனால அதை மாத்தி சொல்றது சின்ன விஷயமில்ல, முக்கியமான தகவலைத் தப்பா குடுத்து பாலிசி வாங்கினதா எடுத்துப்பாங்க, க்ளெய்மை மறுக்கறதுக்கும் பாலிசியை ரத்து பண்றதுக்கும் அதுவே காரணமாகலாம். டாக்ஸ் ஆபீஸ் கண்டுபிடிக்காம போகலாம், ஆனா ஆக்சிடென்ட் ஆகற அன்னைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கண்டிப்பா தோண்டும், நமக்கு அவங்க தேவைப்படற அன்னைக்குத்தான் தோண்டும். அட்ரஸ் குடுத்த ஃப்ரெண்டையும் யோசிங்க, டோல் நோட்டீஸ், பார்க்கிங் ஃபைன், கோர்ட் லெட்டர் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் போகும், அந்த குடும்பத்தையும் சேர்த்து இழுத்து விடறோம்.

"யாருக்குத் தெரியப் போகுது"ன்னு நினைக்கறதும் தப்பு. லைசென்ஸ், சம்பளத்தைக் காட்டற W2 ஃபார்ம், வீட்டு லீஸ், பசங்க ஸ்கூல், டோல் ரெக்கார்டு எல்லாமே ஒரு ஊரைக் காட்டும்போது பிளேட் மட்டும் வேற ஊரைக் காட்டினா அதை மறைக்கவே முடியாது. கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல் போலீஸ் சீட்டர்ஸ்னு பேர் வச்சே ஒரு திட்டம் நடத்தறாங்க, வெளி ஸ்டேட் பிளேட்டோட அங்கயே குடியிருக்கறவங்களைப் பத்தி பொதுமக்களே தகவல் குடுக்கலாம். அப்பார்ட்மென்ட்ல தினமும் பக்கத்து ஸ்பாட்ல பார்க் பண்றவர் சொன்னா போதும். வாஷிங்டன்ல டாக்ஸை ஏமாத்தறதுக்காக வேற ஸ்டேட்ல ரிஜிஸ்டர் பண்றது கிராஸ் மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம், டிராஃபிக் டிக்கெட் மாதிரி கட்டிட்டு மறந்துடற விஷயம் கிடையாது.

இதுல எச்1பி, எஃப்1, கிரீன் கார்டு க்யூல இருக்கறவங்க இன்னும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், எனக்கு உண்மையிலயே கவலை இந்த இடத்துலதான். சிட்டிசனா பொறந்தவனுக்கு ஃபைனோட முடியற விஷயம் நமக்கு அப்படி முடியணும்னு இல்ல. ஏமாத்தற எண்ணத்தோட பொய் சொன்னதா ஒரு கன்விக்‌ஷன் வந்துட்டா இமிக்ரேஷன் சட்டத்துல அது வேற கணக்கு, விசா ஸ்டாம்பிங்லேர்ந்து எல்லா இடத்துலயும் பதில் சொல்லணும். சிட்டிசன்ஷிப்புக்கு போடற என்400 ஃபார்ம்ல ஃபெடரல், ஸ்டேட், லோக்கல் டாக்ஸ் ஏதாவது கட்டாம பாக்கி வச்சிருக்கீங்களான்னு நேரடியாவே ஒரு கேள்வி இருக்கு. பதினஞ்சு வருஷம் காத்திருந்து அந்த ஃபார்ம் முன்னாடி உக்காரும்போது ஒரு காருக்காக கை நடுங்கணுமா? ஏற்கனவே கேஸ் ஏதாவது வந்திருந்தா கோர்ட்ல தப்பை ஒத்துக்கறதுக்கு முன்னாடியே இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க, டிராஃபிக் வக்கீல் மட்டும் போதாது.

அடுத்து மொண்டானா எல்எல்சி. இதை கொஞ்சம் காஸ்ட்லியா கார் வாங்கறவங்க பண்றாங்க, மொண்டானால ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல காரை வாங்கறது, அதுக்குன்னே விளம்பரம் பண்ற ஏஜென்சிங்க நிறைய. எல்எல்சி ஆரம்பிக்கறது சட்டப்படி சரிதான், அதைத்தான் அவங்க பெருசா சொல்வாங்க, ஆனா நீங்க டல்லஸ்லயோ சான் ஹோஸேலயோ உக்காந்துக்கிட்டு தினமும் அந்தக் காரை ஆபீஸுக்கு ஓட்டினா யூஸ் டாக்ஸ் உங்க ஸ்டேட்டுக்கு வந்தே ஆகணும், அதைப் பத்தி ஏஜென்சி வாயே திறக்காது. காரோட ஓனர் ஒரு கம்பெனி, ஓட்டறது நீங்க, அப்போ சாதாரண பெர்சனல் பாலிசி ஒத்து வருமான்னு பிரச்சனை, லோன் குடுக்கற பேங்க் பல இடத்துல எல்எல்சி பேர்ல டைட்டில், அதாவது ஓனர் பேப்பர், இருந்தா ஒத்துக்கவே மாட்டாங்க. வருஷா வருஷம் கம்பெனிக்கு ஆனுவல் ரிப்போர்ட் வேற போடணும், மறந்துட்டா கம்பெனி கலைஞ்சு போய் இல்லாத ஒரு ஓனர் பேர்ல உங்க கார் நிக்கும். 1,50,000 டாலருக்கு மேல விலை போட்ட வண்டின்னா மொண்டானாவே தனியா 825 டாலர் ஃபீ வாங்குது.

கலிஃபோர்னியாக்காரங்களுக்கு ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். ஒண்ணு, வெளில வாங்கின காரை 12 மாசத்துக்குள்ள உள்ள கொண்டு வந்தா இங்க ஓட்டத்தான் வாங்கினீங்கன்னு எடுத்துப்பாங்க, இல்லைன்னு நிரூபிக்கறது உங்க வேலை. ஒரு வருஷம் நெவாடால வச்சிருந்தேன்னு வாயால சொன்னா பத்தாது, சர்வீஸ் பில்லு, டோல், பெட்ரோல் போட்ட கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் எதிரா சாட்சி சொல்லும். ரெண்டாவது இன்னும் மோசம், 7,500 மைலுக்குள்ள ஓடின காரை கலிஃபோர்னியா ரெசிடென்ட் வெளில வாங்கினா அதை புது கார்னுதான் கணக்குல எடுப்பாங்க, அதுக்கு கலிஃபோர்னியா எமிஷன் சர்டிஃபிகேஷன், அதாவது அந்த ஊர் புகை விதிக்கு ஒத்த கார்ங்கற சான்று, இல்லைன்னா, சில விலக்குகள் தவிர, ரிஜிஸ்டரே பண்ண மாட்டாங்க. டாக்ஸ் கட்டறேன்னு பணத்தோட போனாலும் முடியாது. அதனால வேற ஸ்டேட்ல வாங்கறதுக்கு முன்னாடி பானெட்டைத் தூக்கி எமிஷன் லேபிள்ல கலிஃபோர்னியா பேர் இருக்கான்னு பாத்துடுங்க.

நேர்மையா இருக்கறவங்களும் பணம் விடற இடம் ஒண்ணு இருக்கு, டபுளா டாக்ஸ் கட்டறது. ஒரு ஸ்டேட்ல டாக்ஸ் கட்டி வாங்கினா அதை உங்க ஸ்டேட்ல பெரும்பாலும் கழிச்சுப்பாங்க, ஆனா பில் ஆஃப் சேல்ல டாக்ஸ் எவ்வளவுன்னு தனி வரில இருக்கணும், அந்த பேப்பர் இல்லைன்னா கழிவு கிடையாது. டீலர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க, எந்த ஸ்டேட் டாக்ஸ் வாங்கறீங்க, என் ஸ்டேட்டுக்கு நீங்களே அனுப்புவீங்களா இல்ல நான் போய் கட்டணுமான்னு. கலிஃபோர்னியா டீலர்கிட்ட அங்கயே சாவி வாங்கினா நீங்க அரிசோனாக்காரரா இருந்தாலும் கலிஃபோர்னியா டாக்ஸ் விழும், வேணாம்னா டீலரே காரை ஸ்டேட்டுக்கு வெளில டெலிவரி பண்ணி அதுக்கான பேப்பரும் வச்சிருக்கணும்.

பழைய கார் வாங்கும்போது பில்லுல விலையை கொறைச்சு எழுதறது, பணம் குடுத்துட்டு கிஃப்டுன்னு போடறது, இதெல்லாம் சத்தியம் பண்ணி கையெழுத்து போடற பேப்பர், பண்ணாதீங்க. டெக்சஸ்ல உண்மையான கிஃப்ட்னா 10 டாலர்தான், ஆனா அது கணவன் மனைவி, அப்பா அம்மா, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க மாதிரி நெருங்கின சொந்தத்துக்கு மட்டும். விலையை கொறைச்சு எழுதினாலும் டெக்சஸ்ல ஒரு ஸ்டாண்டர்டு விலை வச்சிருக்காங்க, அதுல 80 சதவீதத்துக்கு கீழ போனா அந்த 80 சதவீதத்துக்கே டாக்ஸ் போட்டுடுவாங்க.

ப்ராஜெக்ட் மாறி ஊர் மாறறவங்க தேதியைக் கவனிங்க. கலிஃபோர்னியால 20 நாள், டெக்சஸ், வாஷிங்டன்ல 30 நாள், நியூ ஜெர்சில 60 நாள், அதுக்குள்ள ரிஜிஸ்ட்ரேஷன் மாத்தணும். ஆறு மாசத்துல திரும்பிப் போயிடுவோம்னு தள்ளிப் போட்டு மூணு வருஷம் பழைய பிளேட்லயே ஓட்டறவங்க நிறைய பேர், அவங்களும் இதே வலைலதான் விழறாங்க.

சட்டப்படி மிச்சம் பிடிக்க வழி இல்லாம இல்ல, அதை யாரும் விசாரிக்கறதில்லங்கறதுதான் என் ஆதங்கம். நிஜமாவே ஊர் மாறப் போறீங்கன்னா எந்த ஊர்ல இருக்கும்போது வாங்கறோம்ங்கறதுலயே பெரிய வித்தியாசம் வரும். ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆன காரோட டெக்சஸுக்கு புதுசா குடி வந்தா 6.25 சதவீதத்துக்கு பதிலா 90 டாலர், நார்த் கரோலினால புதுசா வர்றவங்களுக்கு ஹைவே யூஸ் டாக்ஸ் 250 டாலருக்கு மேல போகாது. வாஷிங்டனுக்கு வர்றதுக்கு முன்னாடி பழைய ஊர்ல 90 நாளுக்கு மேல அந்தக் காரை வச்சு ஓட்டியிருந்தா யூஸ் டாக்ஸ் கிடையாது. பழைய காரை டீலர்கிட்டயே ட்ரேட் இன் பண்ணா பல ஸ்டேட்ல அந்த மதிப்பைக் கழிச்சு மிச்சத்துக்குத்தான் டாக்ஸ், கலிஃபோர்னியால அந்த சலுகையை எதிர்பார்க்காதீங்க. இன்கம் டாக்ஸ் இல்லாத ஸ்டேட்ல இருந்துக்கிட்டு ஐட்டமைஸ் பண்றவங்க, அதாவது செலவுகளைத் தனித்தனியா காட்டி கழிக்கறவங்க, கட்டின சேல்ஸ் டாக்ஸை ஃபெடரல் ரிட்டர்னோட ஷெட்யூல் ஏ ஃபார்ம்ல காட்டலாம், காருக்கு கட்டினதையும் சேர்த்து.

ஏற்கனவே ஃப்ரெண்டு அட்ரஸ்ல பண்ணிட்டீங்களா, பயந்துக்கிட்டு அப்படியே விடாதீங்க. இன்னைக்கே இன்சூரன்ஸ்ல கராஜிங் அட்ரஸை உண்மையான வீட்டுக்கு மாத்துங்க, அது ஃபோன்ல முடியற வேலை, பிரீமியம் ஏறினா ஏறட்டும். அப்புறம் இந்த விஷயம் தெரிஞ்ச ஒரு சிபிஏகிட்ட, அதாவது அக்கவுண்டன்ட்கிட்ட, பேசிட்டு, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே போய் கட்டுங்க, அவங்க கண்டுபிடிச்சு கேக்கறதுக்கும் நாமளா போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. போகும்போது டைட்டில், லோன் இருந்தா லெண்டர் விவரம், ஒரிஜினல் பில் ஆஃப் சேல், இன்சூரன்ஸ் கார்டு, வீட்டு அட்ரஸுக்கு ரெண்டு ப்ரூஃப், எமிஷன் டெஸ்ட் கேக்கற ஊர்னா அந்த பேப்பர், எல்லாம் ஒரே ஃபைல்ல எடுத்துட்டு போங்க, வாங்கின தேதி கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.